799 வெள்ளிக்கு ஒரு குட்டிக் கணினி: வாங்கலாமா?

கொம்தார், பிராங்கின் மால் பக்கம் கணினிக் கடைகளை ஒரு சுற்று சுற்றினால் கண்ணாடிப் பேழைக்குள் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்க்கலாம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. மேலே ஒட்டியிருக்கும் தாளில் ‘மினி பிசி, இன்டெல் என்100, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 புரோ, 799 வெள்ளி’ என்று எழுதியிருக்கும். அதே கடையின் பின்தட்டில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி ஓய்ந்த டெல், லெனோவோ, எச்பி குட்டிக் கணினிகள் அடுக்கியிருக்கும். அவற்றின் விலை 550லிருந்து 700 வெள்ளி வரை. விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்பதால், தாளில் கண்ட இந்த எண்களை வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறேன். இதில் முக்கியம் கணக்குப் போடும் முறை; எண் மாறினாலும் முறை நிற்கும்.

யாருக்காக இந்தக் கணக்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘நல்ல விலை’ என்று ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. என் மனத்தில் இருப்பது ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒரு குடும்பம். படிவம் நான்கில் ஒரு பிள்ளை. லெபோ பசாரில் சின்னதாக ஒரு கடை. அதன் கணக்கும் வரிவாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளமும் வீட்டிலிருந்தே பார்க்கப்படுகின்றன. தமிழில் கடிதம் அடிக்க வேண்டும், யூடியூப் பார்க்க வேண்டும், இணையவழி டியூஷன் ஓட வேண்டும். விளையாட்டும் காணொளித் தொகுப்பும் இந்த வீட்டில் இல்லை. வாங்கினால் நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டும்.

தாளில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். என்100 என்பது இன்டெல் 2023 தொடக்கத்தில் வெளியிட்ட செயலி. நான்கு கருக்கள், எல்லாமே சிக்கனக் கருக்கள். உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். ‘புதுசு’ என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் வேலை செய்யும் திறனில் இது ஏறக்குறைய 2015–2017 காலத்து ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 சிக்கன ரகங்களுக்குச் சமமாகத்தான் நிற்கிறது. நம் குடும்பத்தின் வேலைகளுக்கு அது போதும். இணைய உலாவியில் பத்துப் பன்னிரண்டு தத்தல்கள், ஒரு எக்செல் ஏடு, பின்னால் ஒரு காணொளிச் சந்திப்பு என்று ஒன்றாக ஓடும்போது மூச்சு வாங்கும், ஆனால் நின்றுவிடாது. ஒரு விஷயத்தில் இது பழைய பெட்டிகளைத் தெளிவாக வெல்கிறது. யூடியூப் இப்போது அதிகம் பயன்படுத்தும் ஏவி1 காணொளி வடிவத்தை இந்தச் சில்லு வன்பொருளிலேயே அவிழ்க்கிறது. 2018ன் செயலிகளுக்கு அந்த வசதி கிடையாது. தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்ப்பதுதான் முதல் வேலை என்றால் இது சிறிய மேன்மை இல்லை.

அடுத்தது, ‘வெறும் 6 வாட்’ என்ற பெருமை. விற்பனையாளர்கள் மிகவும் நம்பிச் சொல்வது இதைத்தான். மிகவும் குறைந்த பெறுமதி உள்ளதும் இதுதான். 6 வாட் என்பது செயலிக்கு மட்டும் இன்டெல் குறித்த வெப்ப அளவு. பெட்டி தயாரிப்பவர்கள் வேகம் கூட்டுவதற்காக அந்த வரம்பை 15 வாட்டுக்கும் மேலே ஏற்றிவிடுவது உண்டு. சும்மா இருக்கும்போது முழுப் பெட்டியும் சுவரிலிருந்து 6, 8 வாட் இழுக்கும். அலுவலகத்திலிருந்து வந்த பழைய பெட்டி 10, 12 வாட் இழுக்கும். வேறுபாடு 5 வாட் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 18 யூனிட்டுக்குச் சற்று மேல். 2025 ஜூலையில் வந்த தெனாகா கட்டணத்தில் மின்னாற்றல் 27.03 சென், கொள்திறன் 4.55 சென், கட்டமைப்பு 12.85 சென், ஆக யூனிட்டுக்கு 44.43 சென். சிக்கனச் சலுகையையும் எரிபொருள் சரிக்கட்டலையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு மிச்சம் 8 வெள்ளி. ஐந்து ஆண்டுக்கு 40 வெள்ளி. வீட்டில் இருக்கும் பழைய கோபுரப் பெட்டியை மாற்றுகிறவர்களுக்கு ஆண்டுக்கு 50 வெள்ளிக்கு மேல் மிஞ்சலாம். அது உண்மையான சேமிப்பு. ஆனால் அந்தச் சேமிப்பு எந்தக் குட்டிக் கணினி வாங்கினாலும் கிடைக்கும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பெட்டிகளின் மதிப்புரைகளில் பெரும்பாலானவை 20, 22 பாகையில் குளிர்ந்திருக்கும் அறைகளில் எழுதப்பட்டவை. பினாங்கில் பிற்பகல் மூன்று மணிக்குக் குளிர்சாதனம் இல்லாத அறை 31 பாகைக்குக் குறையாது. அங்கே ‘சத்தமே இல்லை’ என்று எழுதப்பட்ட குட்டி விசிறி இங்கே இரைந்துகொண்டிருக்கும். விசிறியே இல்லாத ரகமோ சூட்டுக்கு அஞ்சித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இனி நினைவகம். 799க்கு ஆதரவாகப் பேசும் மிக வலுவான சாட்சி இந்த 16 ஜிபிதான், அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். 2025ன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகத்தின் ரேம் உற்பத்தியை உறிஞ்சிக்கொண்டதில் சில்லறைச் சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம் கடைகளில் பலரும் கேட்டு வாங்கும் ‘குரூஷியல்’ சில்லறை வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. அதே மைக்ரானின் தொழிற்சாலை இரண்டாம் பாலம் கடந்தால் பத்து காவானில் இருக்கிறது. பக்கத்தில் தொழிற்சாலை இருப்பதால் பிராங்கின் மாலில் விலை இறங்காது. உலகச் சந்தைதான் இங்கும் விலையை வைக்கிறது. ஆகவே ரேம் இல்லாமல் வெறும் கூடாக, ‘399 வெள்ளிதான்’ என்று காட்டப்படும் குட்டிக் கணினியை இப்போது திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். முன்பு மலிவாக முடிந்த வழி இன்று விலையுயர்ந்த வழியாகிவிட்டது. ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளே இருக்கும் பெட்டிக்கே இன்று மதிப்பு.

ஆனால் எந்த 16 ஜிபி என்று கேட்க வேண்டும். என்100 ஒற்றைத் தடத்தில்தான் நினைவகத்தோடு பேசும். இன்டெல் இதற்குக் குறித்த உச்ச அளவும் 16 ஜிபிதான். பல பெட்டிகளில் அந்த ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சில்லு போனால் பெட்டியே போயிற்று. கழற்றி மாட்டும் ரகமாக இருந்தால், பெட்டி செத்தாலும் ரேமை எடுத்து வேறு கணினியில் போடலாம். இன்றைய விலையில் அது கையில் இருக்கும் காசு. எஸ்எஸ்டியும் அப்படியே. பெயர் தெரியாத நிறுவனத்தின் 512 ஜிபி, அதுவும் மெதுவான சாட்டா ரகம் பொருத்தியிருந்தால், தாளில் உள்ள எண்ணுக்கு அரை மதிப்புதான் தருவேன்.

‘விண்டோஸ் 11 புரோ’ என்ற சொல்லில்தான் எனக்கு ஐயம் மிகுதி. அந்த உரிமத்தைத் தனியாக வாங்கினால் மைக்ரோசாப்ட் கேட்கும் விலை 199 அமெரிக்க டாலர். இந்தப் பெட்டியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். பெரிய உற்பத்தியாளர்கள் மொத்தமாக மலிவு விலையில் உரிமம் வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பெரு நிறுவனங்களுக்கென வழங்கப்படும் தொகுதி உரிமத்தை வீட்டுப் பெட்டிகளில் ஏற்றி விற்பதும் இந்தச் சந்தையில் நடக்கிறது. அது என்றாவது ஒருநாள் செயலிழந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்காது. இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஏஸ்மேஜிக் நிறுவனத்தின் சில மினி கணினிகளில், கடவுச்சொல் திருடும் நச்சுநிரல் பெட்டி திறக்கும் முன்பே உள்ளே இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது; நிறுவனமும் சிக்கலை ஒப்புக்கொண்டது. கடையின் கணக்கையும் மேபேங்க் கடவுச்சொல்லையும் நம்பி ஒப்படைக்கப் போகும் பெட்டி இது. எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் முதல் நாளே வட்டைத் துடைத்து, மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டும். உரிமம் முறையானதாக இருந்தால் அது தானாகவே மீண்டும் ஏற்கப்படும். ஏற்கப்படவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன்பே உண்மை தெரிந்துவிடும்.

பயாஸ் என்ற அடித்தள மென்பொருளுக்கு யார் பொறுப்பு என்பதும் இப்போது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. 2011ல் வழங்கப்பட்ட மைக்ரோசாப்டின் செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. பெரும்பாலான கணினிகளுக்குப் புதிய சான்றிதழ் விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகவே வந்துவிடும். சிலவற்றுக்குத் தயாரிப்பாளரின் பயாஸ் புதுப்பிப்பும் தேவைப்படும். டெல், லெனோவோ, எச்பி தளங்களில் மாதிரி எண்ணைத் தட்டினால் அதற்கான பக்கம் இருக்கிறது. கறுப்புப் பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் பெயருக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று, காசு கொடுக்கும் முன் கடையிலேயே கைப்பேசியில் தேடிப் பாருங்கள்.

மின்னேற்பியை யாரும் கேட்பதில்லை, நான் கேட்பேன். சீனாவிலிருந்து நேரே வரும் பெட்டியோடு இரட்டை முனைச் செருகியும், நம் மூன்று துளைக்கு மாற்றித் தரும் ஒரு பிளாஸ்டிக் துண்டும் வரும். மலேசியாவில் இத்தகைய மின்னேற்பிக்கும் செருகிக்கும் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் முத்திரையும் வேண்டும். இரவு பகலாகச் சுவரில் செருகியிருக்கப் போகும் பொருளில் இதை விட்டுக்கொடுக்க முடியாது.

இப்போது பின்தட்டுக்கு வருவோம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, லெனோவோ எம்720கியூ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி: மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு உள்ள பெட்டிகள், மூன்றும் எட்டாம் தலைமுறை. அலுவலகங்கள் உத்தரவாதமோ குத்தகையோ முடிந்ததும் இவற்றை மொத்தமாகக் கழித்துவிடும். அப்படித்தான் கடைக்கு வருகின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐ5-8500டி. 2018ல் வந்தது, ஆறு கருக்கள், 35 வாட், இரட்டைத் தட நினைவகம். பல வேலைகளை ஒன்றாகச் செய்யும்போது என்100ஐவிட இது ஒரு படி மேலே நிற்கிறது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972ல் பாயான் லெப்பாஸில் தொடங்கியது. இந்தப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்தால், சில்லின் உலோக மூடியில் ‘மலேய்’ என்று பொறித்திருப்பதைப் பல நேரம் காணலாம். இங்கே பொருத்திச் சோதித்த சில்லு உலகம் சுற்றி இங்கேயே இரண்டாம் விலைக்கு வந்து நிற்பதைப் பார்க்கும்போது இந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு பாசம் எழுவதை மறைக்கவில்லை. அந்தப் பாசத்துக்குக் கணக்கில் இடம் தரவில்லை.

பழைய பெட்டிக்கு ஆதரவாக நான் காண்பது வேகத்தைவிடக் கட்டுமானத்தை. ஒரு திருகைக் கழற்றினால் மூடி நகர்கிறது. இரண்டு ரேம் துளைகள், எம்.2 துளை, பல மாதிரிகளில் 2.5 அங்குல வட்டுக்கும் இடம். விசிறியைத் தனியாக வாங்கி மாற்றலாம். டெல் பெட்டியின் ஏழு எழுத்துச் சேவைக் குறியீட்டை நிறுவனத் தளத்தில் தட்டினால், தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தி எப்போது அனுப்பினார்கள் என்ற விவரம் வந்துவிடும். கடைக்காரர் சொல்வதையும் அதையும் ஒப்பிடலாம். இத்தகைய வெளிப்படைத்தன்மை புதுப்பெட்டிக்கு இல்லை.

ஆனால் இங்கும் பொறிகள் உண்டு, சில ஆழமானவை. முதலாவது தலைமுறை. 3050 மைக்ரோ, எம்710கியூ, 800 ஜி3 ஆகியவை வெளித்தோற்றத்தில் மேலே சொன்னவற்றின் உடன்பிறப்புகள். உள்ளே ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11ஐ அதிகாரபூர்வமாக ஏற்காதவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதன் பிறகுதான் இவை 300 வெள்ளிக்கும் கீழே குவியத் தொடங்கின. சோதனையைச் சுற்றிப் போகும் வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி ‘வின் 11 ஓகே’ என்று தாள் ஒட்டுகிறவர்களும் உண்டு. லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு இது நல்ல பெட்டி. நம் குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுத்தாலும் பாதுகாப்புப் புதுப்பிப்பு எப்போது நிற்கும் என்ற கவலையோடுதான் வரும். பெயரில் 6500டி, 7500டி என்று இருந்தால் வைத்துவிட்டு நடக்க வேண்டும்.

இரண்டாவது, அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கிடையாது. அங்கே கம்பிதான். அட்டையும் வானலை வாங்கியும் சேர்க்க ஒரு செலவு. மூன்றாவது, மின்னேற்பி. டெல் பெட்டிக்கு வேறு மின்னேற்பியைச் செருகினால், தொடங்கும்போதே மின்னேற்பியின் வகை தெரியவில்லை என்று திரையில் எச்சரித்துவிட்டுச் செயலியின் வேகத்தைக் கீழே இறக்கிவிடும். வாங்குபவர் அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய்விட்டு, ‘பழைய கணினி, அதான் மெதுவாக ஓடுகிறது’ என்று நினைத்துக்கொள்வார். நான்காவது, முந்தைய நிறுவனம் வைத்த பயாஸ் கடவுச்சொல். கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும்.

மேக் மினியைச் சொல்லாமல் போனால் இந்த மதிப்பீடு முழுமை பெறாது. 2024 நவம்பரில் 16 ஜிபி, 256 ஜிபியோடு எம்4 மேக் மினி மலேசியாவில் 2,499 வெள்ளிக்கு வந்தது. பன்னிரண்டரை சென்டிமீட்டர் சதுரம், சும்மா இருக்கும்போது ஆப்பிள் கணக்குப்படி 4 வாட், வேகத்தில் மேலே பேசிய எதுவும் பக்கத்தில்கூட வராது. 2018ன் இன்டெல் மேக் மினிக்கு 2025ல்தான் புதிய மேக் இயங்குதளம் நின்றது. அந்த ஏழு ஆண்டோடு இன்னும் ஓர் ஆண்டைக் கூட்டி எட்டு ஆண்டு என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 312 வெள்ளி. பழைய 8500டியை வைஃபையோடு 700 என்று எடுத்து நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் 175. என்100 பெட்டி நான்கு ஆண்டு உழைத்தால் 200. பாட்டு பதிவு செய்கிறவருக்கும், காணொளி வெட்டுகிறவருக்கும், நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த 312 நியாயமான விலை. ஆனால் அடிப்படை மாதிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது வெளிவந்தபோது 256ஐ 512 ஆக்க ஆப்பிள் அமெரிக்காவில் கேட்டது 200 டாலர். வெளியே ஒரு வட்டை மாட்டிக்கொண்டால் அதில் பெரும்பகுதி மிஞ்சும். நம் குடும்பத்துக்கு இந்தத் திறன் தேவையில்லை.

தமிழ் எழுதும் வசதி இந்தப் போட்டியில் யாருக்கும் கூடுதல் மதிப்பெண் தரவில்லை. முத்து நெடுமாறன் 1985ல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய காலத்தில் தமிழ் எழுத்துக்காகவே கணினி தேட வேண்டியிருந்தது. இன்று தமிழ்99 விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வருகிறது, லினக்ஸிலும் சில நிமிட வேலை.

எந்தக் குட்டிக் கணினியை எடுத்தாலும் தாளில் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. திரை, விசைப்பலகை, சுட்டி, டியூஷனுக்கு ஒரு படக்கருவியும் ஒலிவாங்கியும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் 400, 500 வெள்ளி எளிதாகச் சேரும். 799 அப்போது 1,250 ஆகிவிடும். அங்கே மலிவான புது மடிக்கணினி ஒன்று எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. அதில் மின்கலம் இருப்பதால் இடி மழையில் மின்சாரம் போனாலும் அடித்துக்கொண்டிருந்த கடிதம் போகாது. அதனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு திரையோ எச்டிஎம்ஐ துளையுள்ள தொலைக்காட்சியோ இல்லாதவர்கள் இந்தப் பேச்சையே வேறிடத்திலிருந்து தொடங்க வேண்டும். இருப்பவர்களுக்குத்தான் குட்டிக் கணினியின் மலிவு உண்மையான மலிவு.

என் தீர்ப்பு இது. இந்தக் குடும்பம் 799 வெள்ளி கொடுத்து அந்த என்100 பெட்டியை வாங்க வேண்டாம். 16 ஜிபியோடும் வைஃபையோடும் 700 வெள்ளிக்குள் எட்டாம் தலைமுறை அலுவலகப் பெட்டி கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். வேகம், பழுது பார்க்கும் வசதி, தயாரிப்பாளரின் ஆதரவு மூன்றிலும் அது முந்துகிறது, காசும் மிஞ்சுகிறது. 8 ஜிபியோடு மட்டுமே கிடைக்கிறது என்றால் 550க்கு மேல் தர வேண்டாம். இன்னொரு 8 ஜிபி துண்டு இன்று மலிவில்லை, அதைச் சேர்த்தால் நம் மிச்சம் கரைந்துவிடும். என்100 பெட்டி 650 வெள்ளிக்கு இறங்கி, ரேம் கழற்றி மாட்டும் ரகமாக, சிரிம் முத்திரை உள்ள மின்னேற்பியோடு, உள்ளூர்க் கடையின் ஓராண்டு உத்தரவாதத்தோடு வந்தால் இரண்டும் சமம். தொலைக்காட்சிக்காகவே வாங்குகிறவர் அப்போது என்100ஐ எடுக்கலாம். இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் இதைவிட மலிவாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 500 வெள்ளிக்குள் இருந்தால் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி சேர்கிறது, அதைவிட, பெட்டி கெட்டால் அதைத் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் உங்களுடையவை.

கடையில் வாங்கும்போது ரசீதில் மாதிரி எண், செயலி, ரேம், வட்டு, உத்தரவாதக் காலம் அனைத்தையும் எழுதி வாங்குங்கள். ‘மினி பிசி ஒன்று’ என்று மட்டும் எழுதிய ரசீது பின்னால் உதவாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999ன் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே வைக்கலாம். மூன்று ஆண்டுக்குள் வைக்க வேண்டும். 1969லிருந்து இதே ஊரில் இயங்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திலும் வழி கேட்கலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்போவது அந்த ரசீதைத்தான்.